சிவப்பு வண்டியின் மைலேஜ்

மச்சான்,

இன்று காலை திண்டிவனம் பங்க்கில் நம்ம சிவப்பு வண்டிக்கு மூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாசனை ஏறியது. கூடவே நீயும் வந்துவிட்டாய். நீ போய் நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் அங்கே பெட்ரோல் போடுகிற நரைத்த மனுஷர் இன்று சொன்னதைக் கேட்ட பிறகு உன்னிடம் ஒரு கேள்வி கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது.

தொண்ணூற்று மூன்றில் நான் கூட்டேரிப்பட்டில் இட்லிக் கடை போட்ட முதல் வாரமே லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்தவன் நீ. இட்லியை விரலால் அமுக்கிப் பார்த்தாய். "இன்னாபா இது, டயருக்கு முட்டுக் குடுக்கிற கட்டையா?"

"ரெண்டு எடுத்துக்கினு போ. பிரேக் புடிக்கலன்னா ஒதவும்" என்றேன். அன்றைக்கு மச்சான் ஆனவன்தான்.

பத்துப் பதினைந்து வருஷம் அப்படியே ஓடியது. பிறகு உன் முதுகெலும்பு தேய்ந்துபோய், இனி லாரி கிளட்ச்சை மிதிக்கக் கூடாது, சின்ன வண்டி என்றால் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் என் கடை பெஞ்சில் வந்து உட்காருவாய். பேச்சு குறைந்தது. ரோட்டில் லாரி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டால் மட்டும் உன் இடது கால் தரையை அமுக்கும். "தரை பள்ளமாயிடும்டா" என்று கிண்டல் பண்ணினேன். நீ சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அதனால்தான் பழைய கார் ஒன்று வாங்கி, கல்யாணத்துக்கும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு விடலாம், நீ ஓட்டு என்றேன். எனக்கு அப்போது சைக்கிள் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், லைசென்ஸ் பரீட்சை என்றாலே ஓடி ஒளிந்துகொள்வேன்.

ரெண்டு வண்டி பார்த்தோம். வெள்ளை டீசல், லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்தது. ஆனால் அதை ஓட்டிவிட்டு நீ இறங்கினபோது, ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வந்தவன் மாதிரி இருந்தாய். மறுநாள் சிவப்பு பெட்ரோல் வண்டி. கோவிலுக்குள் போகிறவன் மாதிரி செருப்பைக் கழற்றிப் புரோக்கர் வாசலிலேயே விட்டுவிட்டு ஏறினாய். மயிலம் ரோடு தாண்டி மூன்றாவது கியரைப் போட்டதும், "வெண்ணெயில கத்தி எறங்கற மாரி விழுதுடா" என்றாய். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு உன் பல்லைப் பார்த்தேன்.

"அப்ப இதையே முடிச்சுடலாமா?"

"சும்மா இரு. வண்டிக்குப் பசி எவ்ளோன்னு பாக்காம வாங்கினா பேஜாரு. ரெண்டு பேரும் உன் இட்லியத் துன்னே சாவணும்."

புறப்படும்போதே இந்த பங்க்கில்தான் டேங்க்கை நிரப்பியிருந்தாய். வண்டியை ஆட்டி ஆட்டி, காற்று வெளியேறி, கழுத்து வரை பெட்ரோல் தளும்பும்வரை. விழுப்புரம் போய்த் திரும்பி அதே பங்க்கில் மறுபடி நிரப்ப வேண்டும். எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் வண்டி குடித்தது. லாரிக்காரன் கண்டுபிடித்த முறை, பொய்யே சொல்லாது என்பாய்.

பொய் சொன்னது நான். வெறுங்காலில் தார் ஒட்டிவிட்டதென்று நீ குழாயடிக்குப் போன நேரத்தில், டேங்க் நிறையுமுன்பே பெட்ரோல் போடுகிறவரிடம் "போதும்" என்று சொல்லிவிட்டேன். ஈரக் காலோடு வந்து நீ மீட்டரைப் பார்த்தாய். வண்டியைப் பார்த்தாய். "பதினேழு குடுக்குதே" என்றாய். அவ்வளவுதான். நான் டீ குடிக்க நழுவினேன். திரும்பி வந்தபோது, "முடிச்சுடு" என்றாய்.

வாங்கின பிறகுதான் வேடிக்கை. அந்த வண்டியை நீ ஐம்பதுக்கு மேல் ஓட்டவே இல்லை. முந்நூறு அடிக்கு முன்னாலேயே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, உருளவிட்டுக் கொண்டுபோய் நிறுத்துவாய். "ஜல்தியா போடா, மாப்பிள்ளைக்கு அறுபதாம் கல்யாணமே வந்துடும்" என்று எத்தனை தரம் கத்தினேன். "வேகத்துல இன்னாடா கீது? கியர் விழற சொகம் போதும்" என்பாய். வயசாகிவிட்டது, பயந்துவிட்டான் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். வண்டியும் கட்டுப்படியானது. என் திருட்டுத்தனம் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று அந்த மனுஷர் வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வண்டிய மறப்பேனா? அன்னிக்கு நீங்க டீ குடிக்கப் போனீங்க. உங்க கூட்டாளி வண்டிய ஆட்டிக் காது குடுத்தாரு. கழுத்துல தளும்பல. இன்னும் ஊத்துன்னாரு. ரெண்டரை லிட்டர் எறங்கிச்சு. தன் பையிலேர்ந்துதான் காசு குடுத்தாரு. நீங்க வந்தா சொல்லக் கூடாதுன்னு ஒரே சிரிப்பு."

அப்படியானால் லிட்டருக்குப் பதினொன்றுதான் என்று உனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் முடிச்சுடு என்றாய். அந்த ஆறு கிலோமீட்டரை உன் பாதத்தாலேயே மிச்சம் பிடித்துக் கொடுத்துக்கொண்டு, என் கிண்டலையும் வாங்கிக்கொண்டு, வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறாய். இப்போது சொல். உனக்கே அந்த வண்டி மேல் ஆசையா? இல்லை, நான் ஆசையாகப் பண்ணின திருட்டைக் கெடுக்க வேண்டாம் என்றா? கிண்டல் பண்ணியே பிழைத்தவனை ஒரு வார்த்தை சொல்லாமல் கிண்டல் பண்ணிவிட்டுப் போயிருக்கிறாயே.

நீ உதைத்து உதைத்துக் கற்றுக்கொடுத்ததில் நானும் லைசென்ஸ் வாங்கி இப்போது ஓட்டுகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறேன். மூன்றாவது கியர் இன்னும் அப்படியேதான் விழுகிறது.

இன்று அவர் டேங்க்கிலிருந்து குழாயை எடுக்கப் போனார். நான் பம்பரைப் பிடித்து வண்டியை ஆட்டினேன். "இன்னும் ஊத்துங்க" என்றேன். கழுத்தில் தளும்புகிற சத்தம் கேட்கும்வரை போதும் என்று சொல்லவில்லை.