உறை உரிந்த இழைகள்

நாள் 112, 09:20
நிலவின் தென்துருவ ஆய்வுக்கூடம். எழுதுபவர்: மெஹருன்னிசா, நரம்பியல் மருத்துவர். இங்கே நாங்கள் மூவர்.
நிலையத் தலைவர் ராயப்பனின் கெண்டைக்கால் நரம்பிலிருந்து எடுத்த துணுக்கைக் குறுக்கே சீவி, சாயமேற்றிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான நீல வளையங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிறிய நரம்பிழை. அதைச் சுற்றி, மின்கம்பியின் மேலுறை போல, கொழுப்பாலான மயலின். கதிர்வீச்சில் மெலிந்த உறைகள், மாற்றியமைத்த வைரஸில் ஏற்றி நாங்கள் கொடுத்த மருந்தால் தடித்திருக்கின்றன. மரத்துப்போன கால்விரலில் ஊசி குத்துவது தெரிகிறது என்று ராயப்பன் சிரித்தார்.

நாள் 119, 11:05
இரண்டாவது துணுக்கு. உறையைக் கட்ட வேண்டிய ஷ்வான் செல்களே அதைத் தின்கின்றன. வளையங்கள் கிழிந்துவிட்டன. உறையில்லாத இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்றின் துடிப்பு அடுத்ததற்குத் தாவுகிறது. சும்மா தொட்டாலும் வலி இழைகள் எரிகின்றன. ராயப்பன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டார்.
மருந்தை நிறுத்தும்படி மூன்று நாள் முன்பே கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். தப்பு என்னுடையது.

நாள் 121, 14:40
பொறியாளர் தணிகைவேல் இறந்துவிட்டார். மயக்க ஊசி போடுவதற்காக ராயப்பனின் தோளைப் பிடித்தார். ராயப்பன் அவர் தலையை மேசை விளிம்பில் மூன்று முறை மோதினார். இரண்டாவது மோதலிலேயே மண்டை பிளந்தது. விலக்கப் போன என் முன்கையைக் கடித்துச் சதையைப் பிய்த்தார்.
பிறகு தணிகைவேலைப் பார்த்து அழுதார். கண்ணீர் கன்னத்தில் இறங்க, அந்த வலி தாங்காமல் முகத்தைச் சுவரில் இடித்துக்கொண்டார். நான் கட்டுப்பாட்டறைக்குள் ஓடித் தாழிட்டேன்.

நாள் 122, 10:15
ஒலிபெருக்கியில் ராயப்பன்: "டாக்டர், தணிகையக் கொல்லணும்னு நான் நெனைக்கல. காத்து பட்டாலே தீயா எரியுது. இங்க உள்ள காத்த வெளிய விட்டுருங்க. அங்க இருந்தே முடியும்லா."
முடியாது என்றேன். கட்டுப்பாட்டறைக் கதவை உடைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கும் அவரே அலறுகிறார். நிறுத்தவில்லை.

10:50
அவர் இருந்த கூடத்தின் காற்றை வெளியேற்றும் வால்வைத் திறந்தேன். பதினோரு நொடியில் அடி நின்றது.

நாள் 124, 08:30
கூடத்தில் மறுபடி காற்றை நிரப்பி, கடிபட்ட கையிலிருந்து என் நரம்பையே சீவிப் பார்த்தேன். வளையங்கள் கிழிந்திருக்கின்றன. மருந்திலிருந்த வைரஸ் கடிக்காயம் வழியே இரத்தத்தில் பரவுகிறது.
தணிகைவேல் இறந்த அன்றே நான் அழைத்த மீட்புக் கலத்திற்குச் செய்தி அனுப்பினேன்: இறங்காதீர்கள்.
விமானி ஜெருஷாவின் பதில்: "உங்கள விட்டுட்டு வர எங்களுக்கு மனசு வராது, டாக்டர். பாதுகாப்பு உடை போட்டுத்தான் வர்றோம். ஆறு மணி நேரத்துல அங்க இருப்போம்."
உடை கிழியும். நான் கிழிப்பேன். அவளுக்கு அதை எப்படிச் சொல்ல.

13:10
சுத்தியலால் வெளிக்கதவின் பூட்டை நசுக்கினேன். இனி எந்தப் பக்கமிருந்தும் திறக்காது. ஒவ்வொரு அடியும் தோள் வரை நெருப்பு. ஆடை களைந்தேன். தரை எரிகிறது

14:45
வந்துவிட்டார்கள். காற்று கசியாதபடி கலத்தை வெளிக்கதவோடு இணைத்து அறுக்கிறார்கள். அதிர்வு பல்லுக்குள்
ஒலிபெருக்கியில் ஜெருஷா பேசுகிறாள். "பயப்படாதீங்க டாக்டர். நான் வந்து உங்களத் தூக்கிக்கிறேன்."
தொடாதே என்று கத்தினேன். அறுக்கும் இரைச்சல். கேட்கவில்லை
சுத்தியலை வீசிவிட வேண்டும். விரல் விட மாட்டேன் என்கிறது
கதவில் வெளிச்சம். கை நீட்டி வருகி