வாசிக்காமல் விட்ட ஜெபக்குறிப்பு

என் செல்லத் தம்பி அன்புவுக்கு,

ஞாயிறு ஆராதனைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது போலிருக்கிறது.

முந்திரித் தோப்பு செல்லையா பிழைத்துவிட்டார். ஆமாடா, அவரேதான். போன வருஷம் உன் சவப்பெட்டியைத் தூக்கி வந்தபோது, கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு, "என் தோப்பு வழியாப் பொணம் போகக் கூடாது. அங்கிட்டுச் சுத்திப் போங்க" என்று நின்றாரே, அவர். கொளுத்துகிற வெயிலில் கண்மாய்க்கரை சுற்றித்தான் உன்னைக் கொண்டுபோனோம்.

போன மாதம் அவருக்கு மூளைக்காய்ச்சல். எட்டு நாள் நினைவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் மனைவி ராசாத்தி துண்டுச் சீட்டோடு நம் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நாங்க ஒங்க சாமியக் கும்புடுறவங்க இல்ல. இருந்தாலும் இன்னைக்கு ஒங்க ஜெபக் கூட்டத்துல எங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லிக் கேளுங்கக்கா. நான் இப்புடியே ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஜெபக்குறிப்புச் சீட்டுகளை வாசிப்பது நான்தானே. நான் வாசிக்கிற பேருக்காகத்தான் சபை முழங்கால் போடும். அன்று பதினொரு சீட்டு வாசித்தேன். அவருடையதை மட்டும் வேதாகமத்துக்குள் செருகி மூடிவிட்டேன். வேண்டுமென்றேதான். உனக்குச் சிறுநீரகம் இரண்டும் போனபோது எத்தனை வெள்ளி உன் பேரை வாசித்தேன்! நீ போய்விட்டாய். இவருக்கு மட்டும் எதற்கு?

அடுத்த நாளே அவர் கண் விழித்தார்.

ரேஷன் கடை வரிசையை ஒழுங்குபடுத்துகிறவள் மாதிரி நான் நின்றிருக்கிறேன் பார். யாருக்குக் கொடுக்கலாம் என்று கர்த்தர் என்னைக் கேட்டாரா? முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். வெட்கம் அப்புறம்தான் வந்தது.

நேற்று அவரே வீடு தேடி வந்தார். "ஸ்டெல்லாம்மா, நான் பண்ணுன காரியத்துக்கு நீங்க எனக்காக ஜெபம் பண்ணிருக்கீங்க. நாளைக்கு ஒங்க கோயில்ல எந்திருச்சு எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பாதையில் கிடந்த முள்ளையெல்லாம் அள்ளிவிட்டாராம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீ குடிக்கிறீங்களா?" பாவி, அதைத்தான் கேட்டேன்.

உண்மையைச் சொன்னால் பாதையை மறுபடியும் அடைத்துவிடுவாரோ? ராசாத்தியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? இனி யார் என் கையில் சீட்டு கொடுப்பார்கள்?

உன்னை ஏன் பிழைக்க வைக்கவில்லை என்று கர்த்தரோடு இன்னும் சண்டைதான். அதை விடுவதாக இல்லை. ஆனால் செய்யாத ஜெபத்துக்கு நன்றி வாங்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவர் எழுந்திருக்கும் முன் நான் எழுந்திருப்பேன். "இந்த மனுசன் சாகட்டும்னு நெனச்சேன். கர்த்தர் என் பேச்சக் கேக்கல" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன்.

உன் அக்கா,
ஸ்டெல்லா