லௌதாரோ ஊதிய விசில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் சிகாகோவில் நலமாகவே இருக்கிறேன்; வேலையும் இருக்கிறது.

இங்கே குடியேற்றத் துறையின் வண்டி தெருவுக்குள் வந்தால், பார்த்தவர்கள் விசில் ஊதி, பத்திரம் இல்லாத எங்களை எச்சரிப்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தில் நடுவர் லௌதாரோ கொடிதான் காட்டுவார். சென்ற மாதம் பழக்கதோஷத்தில் ஒரு ஃபவுலுக்கு விசில் ஊதிவிட்டார். இரண்டு அணிகளும் சிதறி ஓடின. கோல்கீப்பரான நான் வேலி தாண்டி ஒரு வீட்டுத் தோட்டத்தில் குதித்தேன்.

அங்கே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவங்கள நாட்டை விட்டு அனுப்பணும்னுதானே ஓட்டுப் போட்டேன்," என்றார் கணவர்.

"நான் அனுப்பக் கூடாதுன்னு போட்டேன். கார் கராஜைத் திறங்க, உள்ள ஒளிஞ்சுக்கட்டும்!" என்றார் மனைவி.

"சட்டம்னு ஒண்ணு இருக்கு, மார்ஜ்."

"கறி கருகுது, முதல்ல அதைப் பாருங்க." அந்த அம்மாளே கராஜைத் திறந்தார்.

அதற்குள் வேலிக்கு அப்பாலிருந்து லௌதாரோ கத்தினார்: "டேய் எஃப்ராயின், வெளிய வாடா! வெறும் ஃபவுலுடா!"

மூவரும் சிரித்துவிட்டோம். பிறகு அந்தக் கணவர், "நெசமாவே அவங்க வந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியலப்பா," என்றார்.

நீங்களும் சிரியுங்கள், கவலைப்பட ஒன்றுமில்லை. அதன் பிறகு யாரும் ஆட வருவதில்லை. ஞாயிறன்று அறையில் தூங்குகிறேன். நம் ஈக்வடாரிலிருந்து யாராவது இங்கே வந்தால் வறுத்த பார்லி மாவு கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். என் பழைய கால்பந்து பூட்ஸைத் தம்பி கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு அங்கே தேவைப்படலாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, அம்மா.

உங்கள் மகன்,
எஃப்ராயின்