ஃபிரிட்ஜுக்குக் கட்டிய சேலை

அம்மா,

இன்று காலை கீழே குழாயடியிலிருந்து யாரோ "வாராவ, வாராவ" என்று குரல் கொடுத்தார்கள். வீட்டுவசதி வாரியத்து ஆட்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் வாயில் நுரையோடு ஓடிப்போய் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். அலமாரி மேலிருந்து உன் அரக்குச் சேலையை இழுத்தேன். பாச்சா உருண்டையும் பழைய மீன் குழம்பும் கலந்த வாசனை. நீ செத்த பிறகு அதைக் கையில் எடுப்பது இதுதான் முதல் தடவை. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

என் முதல் சம்பளத்தில் தவணைக்கு வாங்கிய ஃபிரிட்ஜ் அது. வந்து இறங்கிய அன்று நீ சந்தோஷப்படவே இல்லை. "ஏட்டி, இதப் பாத்தா வசதி வந்துட்டுன்னு வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவானுவ" என்றாய். இல்லாதவர்களுக்கென்று வாரியம் வாடகைக்குக் கொடுத்த வீடு. வருமானம் வரம்பைத் தாண்டினால் போய்விடும். இந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் அந்த ஒரு வரிதான். அடுத்த வரி என்ன என்று யாரும் கேட்டதில்லை.

அதனால் அவர்கள் வரும் நாளெல்லாம் ஃபிரிட்ஜுக்குச் சேலையைச் சுற்றி, மேலே பிள்ளையார் படத்தை வைத்து விளக்கேற்றிவிடுவாய். ஒருமுறை வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். நீயும் கூட நின்று கும்பிட்டாய். பிள்ளையாருக்குக் கீழே நெத்திலிக் குழம்பு. அவர் போனதும் நான் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சிரிக்காதட்டி. வீடு போச்சுன்னா எங்கன போவ?"

ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் உன்னை சூப்பர்வைசராகக் கூப்பிட்டார்கள். சம்பளம் கூடிவிடும் என்று பயந்து, முட்டுவலி, முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாய். சூப்பர்வைசருக்கு நாற்காலி உண்டு. முட்டுவலி என்று சொல்லி, நின்றுகொண்டே செய்கிற வேலையில் இருந்துகொண்ட ஆள் திருநெல்வேலியிலேயே நீ ஒருத்திதான்.

அதையாவது விட்டுவிடலாம். நான் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு வண்ணார்பேட்டை பைக் ஷோரூமில் சேர்ந்து, எனக்குச் சம்பளம் கூட்டுகிறார்கள் என்று வந்து சொன்னேன். மறுநாள் நீ ஷோரூமுக்கே வந்து, எல்லார் முன்னாலும் முதலாளியிடம் "அண்ணாச்சி, அவளுக்குச் சம்பளத்தக் கூட்டிராதீய" என்றாய். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தாயீ, குறைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார். மெக்கானிக் வரை சிரித்தார்கள்.

அன்று வீட்டில் போட்ட சண்டை உனக்கு மறந்திருக்காது.

"வாரியத்துல போயி ஒரு வார்த்த கேளேம்மா. தாண்டுனா என்ன செய்வாவன்னு."

"கேக்கவா? இவ ஏன் கேக்கான்னு தோண்ட ஆரம்பிப்பான். பேசாமக் கெட."

கடைசிவரை கேட்கவில்லை நீ.

வீடு உன் பேரில் இருந்தது. என் பேருக்கு மாற்றக் கேட்டிருந்தேன். அதைப் பார்க்கத்தான் இன்று வந்தார்கள். படியில் பேச்சுச் சத்தம் நெருங்கியது. நான் சேலையைக் கட்டிலில் போட்டுவிட்டு பிளக்கைத் திரும்பச் சொருகினேன். ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

வந்த அதிகாரிக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். வருமானம் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

"வரம்பத் தாண்டிட்டியேம்மா. நோட்டீஸ் வரும்."

"வந்தா அன்னைக்கே காலி பண்ணணுமா சார்?"

"அப்படி யாரு சொன்னா? நீ பதில் எழுதிக் குடு, கூப்பிட்டு விசாரிப்பாங்க. வாடகையக் கூட்டித் தாரேன், இங்கேயே இருக்கேன்னு கேக்கலாம். வேற வீடு பாக்க அவகாசம் கேக்கலாம். கிடைக்கும்னு நான் சொல்ல முடியாது. ஆனா கேக்க உனக்கு உரிமை இருக்கு."

"இத ஏன் சார் யாரும் சொல்லல?"

"ஆபீஸ்ல வந்து யாரும் கேக்கதே இல்லையே."

எனக்குத் தாங்கவில்லை. "அப்ப ஃபிரிட்ஜு?" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "ஃபிரிட்ஜ நாங்க எதுக்கும்மா பாக்கோம்?"

உன் முட்டியை நினைத்துக்கொண்டேன் அம்மா. அந்த நாற்காலியையும். உன் மேல் வந்த கோபம் பாதி அவர்கள் மேல் போனது. இத்தனை வருஷமாகப் படியேறி வந்து வேவு பார்த்தவர்கள், இந்த நாலு வார்த்தையைப் படிச் சுவரில் எழுதிப் போட்டிருக்கக் கூடாதா? வரம்பைத் தாண்டிவிட்டேனாம். தாண்டி எங்கே போய் விழுவது? போன வாரம் தச்சநல்லூரில் ஒரு வீடு கேட்டுப் போனேன். அவர்கள் சொன்ன வாடகைக்குப் பாதிச் சம்பளம் காணாது. "தனியா இருக்க பொம்பளப்பிள்ளைக்குக் குடுக்கதில்ல" என்று அதற்கு மேல் ஒரு பேச்சு. நோட்டீஸ் வந்தால் இதையெல்லாம் பதிலில் எழுதப்போகிறேன். வீடு நிற்குமா என்று தெரியாது.

அவர்கள் மாடிக்குப் போனதும் எதிர்வீட்டு அண்ணாச்சி உள்ளே வந்தார்.

"கிறுக்கி. அரிச்சந்திரன் வீட்டுப் பேத்தியாட்டி நீ? சரி, ஒனக்குத்தான் வேண்டாம்லா, அந்தச் சேலையத் தா. எறங்கி வரும்போது பாத்தாவன்னா எங்க வீட்டு வாஷிங் மெஷினு அப்படியே தெரியும்."

"அவரு சொன்னதக் கேட்டீயள்லா? அதெல்லாம் பாக்க மாட்டாவளாம்."

"அது ஒனக்குச் சொன்னது. எனக்கு எதுக்கு வம்பு?"

"நாளைக்கு ஆபீசுக்கு என்கூட வாங்க அண்ணாச்சி. நீங்களே கேளுங்க."

அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். நான் சேலையைக் கொடுக்கவில்லை. நனைத்து, அலசி, கொடியில் போட்டுவிட்டேன்.

இப்போது சாயங்காலம். படியில் யாரோ ஏறி வருகிறார்கள். பால்காரர்தான், கேன் இடிக்கிற சத்தம் கேட்கிறது. தெரிந்தும் என் கை பிளக்குக்குப் போய்விட்டது. பிடுங்கவில்லை அம்மா. ஆனால் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.