ஒரு மில்லிமீட்டர் வழி

அக்டோபர் 6, 2025, திங்கள்

சாலையில் பாதிவரை குறுவை நெல் காய்கிறது. பஸ் ஊர்ந்து ஊர்ந்து லேபுக்குப் போகும்போது பதினொரு மணி. போகாமலே இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை போலவே இன்றும் ரீடிங் படுத்துவிட்டது.

கம்ப்யூட்டருக்குள் சிப்புக்குச் சிப் தகவல் இன்னும் வேகமாகப் போக, செம்புக் கம்பிக்குப் பதிலாக ஒரு நுண்ணிய உலோகக் குழல். வேவ்கைடு. மிக உயர்ந்த அதிர்வெண்ணில் அலை அதற்குள் ஓடும். மூன்று வருடமாக எனக்குச் சோறு தண்ணி எல்லாம் அதுதான். செப்டம்பரில் அழகாக ஓடியதே. இப்போது என்ன கேடு?

அக்டோபர் 7

என் நெறியாளர் பஞ்சநதம் சார் இதுவரை அதட்டியதுகூட இல்லை. இன்றும் மெதுவாகத்தான் கேட்டார்.

"தஹ்மீனா, செப்டம்பர் ரீடிங்க நெஜமாவே எடுத்தியாம்மா?"

அடுத்த வாரம் புதன், இந்த ஆய்வுக்குப் பணம் தரும் பெங்களூர் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொள் என்றார். தலைப்பு போகட்டும் — நான் பொய் எழுதுகிறவளா? அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 8

மழை. ரீடிங் அப்படியேதான்.

அக்டோபர் 9

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். குழலின் வாய்க்குள் மஞ்சளாக ஒரு பொருக்கு. சந்தனம்.

ஆயுதபூஜைக்கு லேபில் எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்தார்கள். என் வேவ்கைடுக்குத் தானே வைப்பதாகச் சொல்லி, சார் ஆசையாக வைத்தார். நானும் சிரித்துக்கொண்டே பொரி தின்றேன். பிறகு மேலே துடைத்தோம். உள்ளே போனது யாருக்குத் தெரியும்? வழியே ஒரு மில்லிமீட்டர்தான்.

பக்கத்து மேசைத் தமிழ்மாறனிடம் மட்டும் சொன்னேன். "தூசின்னு சொல்லிட்டுப் போயேன். பூஜையால கெட்டுதுன்னு நீ போய்ச் சொன்னா எப்படி எடுத்துக்குவாங்க?" என்றான். நல்லதுக்குத்தான் சொல்கிறான். அந்த 'நீ' எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தூசி என்றால் அதுதானே முதல் பொய்?

அக்டோபர் 10

துடைக்காமல் வைத்து, சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கண்முன்னாலேயே சுத்தம் செய்து ஓட்டினேன். ரீடிங் திரும்பிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

என்னையே திட்டிக்கொள்கிறேன்: ஏன்டி சொன்னே — வாய வச்சிட்டு சும்மா இருக்க முடியாதா உன்னால?

அக்டோபர் 13

இன்றும் பேசவில்லை.

அக்டோபர் 15, புதன்

நடுவில் ரீடிங் ஏன் விழுந்தது என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். "என் கையால ஆன தப்புங்க. இவ எடுத்தது எல்லாமே சரி."

பிறகு லேபில், அவர்களுக்கு ஓட்டிக் காட்ட நான் கருவியைப் போடும் முன், முக்கியமான நாளில் எப்போதும் செய்வதுபோலச் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். மேசை முன்னால் நின்று என்னைப் பார்த்தார்.

"எதுல வைக்கலாம்? நீ சொல்லும்மா."

மேசைக் காலைக் காட்டினேன். குனிந்து வைத்தார்.