ஒரு சாண் கூழாங்கல்

12.10.2003, ஞாயிறு

வாசல்ல மழைத்தண்ணி நிக்குதுன்னு போன வாரம் கூழாங்கல் கொட்டினேன். ரெண்டு விரல் கனம் போதும்னு லாரிக்காரன் சொன்னான். பாக்க அழகா இருக்கட்டும்னு நான் ஒரு சாண் போட்டேன்.

இன்னிக்கு, என்கூட வேல பாத்த மணி கேரம் ஆட வந்தான். கால் போனதுலேர்ந்து அவனுக்கு மூணு சக்கர வண்டிதான். கேட்டைத் தாண்டினதும் சக்கரம் கல்லுல புதைஞ்சிடுச்சு. தள்ளத் தள்ள இன்னும் உள்ள எறங்குச்சு. கடைசில நான்தான் பின்னால இழுத்து ரோட்டுல வுட்டேன்.

“பரவால்ல மாமு, அப்பால வரேன்”னு சிரிச்சிகினே போய்ட்டான்.

கேரம் போர்டுல அடுக்கின காய் அப்டியே கீது. இந்த வூட்டுக்கு வர்றவன் அவன் ஒருத்தன்தான். கல்லு கொட்டும்போது அவன் வண்டி எனக்கு ஞாபகத்துக்கே வரல. அது அவனுக்குப் புரிஞ்சிருக்கும்.