அத்தை கொண்டுவந்த முகமூடி

செவ்வாய்க்கிழமை, இரவு

மாப்பிள்ளையின் அம்மா இன்று தருவைகுளத்திலிருந்து எல்.இ.டி. முகமூடி ஒன்றைக் கொண்டுவந்தாள். தினமும் இருபது நிமிடம் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் இருந்தால் என் கன்னத்துத் தழும்பு மங்கிவிடுமாம். அவளே என் முகத்தில் மாட்டி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள்.

முகம் மறைந்ததும் காதும் மறைந்துவிட்டது என்று அவளும் என் அம்மாவும் நினைத்தார்கள் போல.

"ஞாயித்துக்கிழம கோயில்ல கல்யாண ஓல வாசிக்க வேண்டாம் மைனி. மூணு மாசம் பாப்போம். தழும்பு மங்கலன்னா சத்தமில்லாம விட்டுருவோம்," என்றாள் அத்தை. ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசித்து அறிவித்துவிட்டால் கல்யாணம் ஊரறிந்துவிடும், பிறகு பின்வாங்க முடியாது.

"நீங்க சொன்னா சரிதான் மைனி," என்றாள் அம்மா.

எட்டு வயதில் என்னைக் கொதிக்கிற கஞ்சிப் பானையை இறக்கச் சொன்னவள் அம்மாதான். அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முகமூடியைக் கழற்றி அத்தையின் மடியில் வைத்தேன். வெளிச்சம் அணையவில்லை. அவள் தாடை சிவப்பாகத் தெரிந்தது.

"ஓல எப்பவுமே வாசிக்க வேண்டாம் அத்தை. சாமியார்ட்ட நானே சொல்லிக்கிடுதேன்," என்றேன்.

"ஏளா, படிச்ச திமிரா?" என்றாள் அம்மா. நான் பட்டம் வாங்கியதை இதே வாயால்தான் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வார் என்று இப்போது யோசிக்கப் போவதில்லை.

அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அத்தை போகும்போது முகமூடியை மறக்காமல் எடுத்துப் போனாள். அடுத்துப் பார்க்கப் போகிற பெண்ணுக்கும் முகம் என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்.